சாரத்தின் ஈரக்கோடு ஒருவழியாகப் பொருந்திவிட்டது

எங்கள் படத்துக்காக மட்டக்களப்பு கல்லடியில் எடுத்த வாவிக்கரைக் காட்சி ஒட்டிவிட்டது. வீச்சுவலையோடு தண்ணீரிலிருந்து ஏறி வரும் அப்பா, கரையில் நிற்கும் மகளோடு கதைக்கும் காட்சி. வெவ்வேறு மாலைகளில் எடுத்த துண்டுகள் என்று பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் பெரிய சந்தோசம்.

கேமராவை ஒரே பக்கத்தில் நிறுத்தும் 180 பாகைக் கோடு, நிறம் மாறாமலிருக்க 5600 கெல்வினில் பூட்டிய வைட் பேலன்ஸ், வினாடிக்கு 25 பிரேம், 1/50 வினாடி ஷட்டர் எல்லாம் வழக்கம்போலத்தான். பாடாய்ப் படுத்தியது அப்பா இடுப்பில் கட்டியிருக்கும் சாரம். கதைப்படி முழங்கால்வரை நனைந்திருக்க வேண்டும். கரைக்காற்றில், தூரத்திலிருந்து முழு இடமும் தெரிய எடுக்கும் வைட் ஷாட் முடித்து லென்ஸ் மாற்றுவதற்குள் பாதி காய்ந்துவிடும். திரும்ப நனைத்தால் பருத்தித் துணி தண்ணீரை மேலே உறிஞ்சி, ஈரம் தொடைவரை ஏறிவிடும். அடுத்தடுத்த ஷாட்டில் அந்த ஈரக்கோடு ஏறி இறங்கினால் காட்சியே கெட்டுப்போகும்.

கடைசியில் வழி கிடைத்தது. முழங்கால் உயரத்தில் சாரத்தின் உட்புறமாக ஒரு நூலோட்டம் போட்டோம். அதற்கு நாலு விரல் கீழே மட்டும் நனைத்துவிட்டுக் காத்திருந்தால் ஈரம் தானாக ஏறி நூலைத் தொடும். தொட்டதும் கேமரா ஓட வேண்டும். இடையில் காயும் ஓரங்களுக்குத் தலைமயிர் வெட்டும் கடைகளில் இருக்கும் ஸ்பிரே போத்தல் போதும். ஒவ்வொரு 'கட்'டுக்கும் பிறகு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துவைப்பதை விடவே கூடாது.

மாற்றுச் சாரமும் வேண்டும். மருதமுனைக் கைத்தறிதான் எடுத்தோம், நல்ல கனம். இரண்டையும் ஒரே துணிக்கட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். பிறகு போய் வாங்கினால் சாயம் கொஞ்சம் மாறியிருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் திரையில் தெரியும்.

வெளிச்சம் இன்னொரு தலையிடி. நம் பக்கம் சூரியன் கடலில் உதித்து வாவிப் பக்கம் இறங்குகிறது, அதுவும் செங்குத்தாக. மஞ்சள் வெயில் சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் வானமும் தண்ணீரும் தெரியும் வைட் ஷாட்டுகளை முதலில் முடித்தோம். குளோசப்பை நிழலில், வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகையால் வெளிச்சத்தைத் திருப்பி எடுத்தோம்.

எடிட்டில் வெட்டு விழுந்தது, அப்பா வலையைத் தோளிலிருந்து இறக்கும் அசைவின் நடுவில். இரண்டு ஷாட்டிலும் அந்த அசைவை முழுமையாக, அதே வலது கையால் செய்யச் சொல்லியிருந்தேன். கண் கையின் பின்னால் போவதால் பின்னணித் தண்ணீரின் மினுக்கம் மாறியது உறுத்தவில்லை. நிறம் பொருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் வைட் ஷாட்டின் ஸ்டில்லைக் கேலரியில் வைத்து, இரண்டு ஷாட்டையும் பாதி பாதியாகக் காட்டும் வைப் போட்டு முதலில் முகத்தோலைப் பொருத்தினேன், அப்புறம் தண்ணீரை. தண்ணீரில் தொடங்கினால் முகம் பச்சையடிக்கிறது.

ஒலி வேலை அப்படியே கிடக்கிறது. ஆள் பேச்சில்லாத நேரம் பார்த்துக் கரையின் வெறும் ஒலியைத் தனியாகப் பதிந்து வர வேண்டும். ஆனால் மனம் மாரிமழைக் காட்சிக்குப் போய்விட்டது. மழைக்கம்பி திரையில் எடுப்பாகத் தெரியப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்க வேண்டும். விளக்குக்கு நனையாத உறை தைத்துத் தரக்கூடிய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.