அம்பியரைப் பார்த்துக்கொண்டு கூட்டலாம்

"அண்ணே, 50 ஹெர்ட்ஸை விடக் கூட்டினா மோட்டருக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டான் அந்தத் தம்பி. "அம்பியரைப் பார்த்துக்கொண்டு கூட்டலாம்" என்றேன். கொழும்பு கிராண்ட்பாஸ் மிளகாய் மில்லில், தூசு உறிஞ்சும் புளோவர் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரைவின் மூடியைப் பூட்டிக்கொண்டே சொன்ன பதில். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் அதைத்தான் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பதில் பிழையில்லை. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 7.5 கிலோவாட் மோட்டர். நேம்பிளேட்டில் 15 அம்பியர். 50 வரைக்கும் ட்ரைவ் மீடிறனோடு, அதாவது ஹெர்ட்ஸோடு, வோல்ட்டையும் சேர்த்தே ஏற்றும். அதற்கு மேல் வோல்ட் 400இல் நின்றுவிடும், மீடிறன் மட்டும் ஏறும். காந்தப்பாயம் மெலியும், மோட்டர் தரக்கூடிய முறுக்குவிசை இறங்கும். புளோவரோ வேகம் கூடக் கூட அதிகமாகக் கேட்கும். 60இல் காற்று 20 சதவீதம்தான் கூடும். வலு 73 சதவீதம் கூடுதலாக வேண்டும். 50இல் 11 அம்பியர் இழுத்தது, 55இல் 14க்குள் நின்றது. தூசு குறைந்ததில் முதலாளிக்கும் திருப்தி. சரி என்று 55இல் ஓட விட்டேன். ஆனால் உச்ச வரம்பை 60இலேயே வைத்துவிட்டு வந்தேன். ஓவர்லோட் காப்பு 15 அம்பியரில் இருக்கிறது, மிஞ்சினால் ட்ரைவ் தானே நிறுத்தும் என்ற தைரியம்.

தூசுப் பை அடைக்கும் என்பதை அன்றைக்கு யோசிக்கவில்லை. பை அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் அந்தப் புளோவருக்கு வேலையும் குறையும், அம்பியரும் இறங்கும். மில்லுக்குள் தூசு பறக்கிறது, மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. நான் சொன்னபடியே பார்த்துப் பார்த்துக் கூட்டியிருக்கிறான். 60 வரைக்கும்.

அந்தப் புளோவரில் மோட்டர் ஷாஃப்டிலேயே பூட்டிய விசிறி. ஒரு நாள் அதன் இலை ஒன்று வெல்டிங் விட்டுப் பிய்ந்து கூட்டைக் கிழித்தது. தம்பி பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தான். பத்து நிமிடம் முந்தி என்றால் அவன் அந்த இடத்தில்தான் நின்றிருப்பான். மோட்டரைக் கழற்றி, மின்காப்பைச் சோதிக்கும் மெகரால் பார்த்தேன். சுருளுக்கு ஒன்றுமில்லை, பெயரிங்கும் நன்றாக இருந்தது.

வெல்டிங் பழையது, 50இலும் விட்டிருக்கலாம் என்று முதலாளியே சொன்னார். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் 60இல் இலையை வெளியே இழுக்கும் விசை 44 சதவீதம் கூட. அந்த விசிறியில் எத்தனை சுற்று வரை ஓட்டலாம் என்ற தகடே இல்லை. இருக்கிறதா என்று நான் தேடவும் இல்லை. அவன் மோட்டரைப் பற்றிக் கேட்டான், நான் மோட்டரைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அந்தச் சொல்தான் தெரியும். அவன் கேட்க வந்தது வேறு என்று விளங்கியிருக்க வேண்டியவன் நான்.

போன மாதம் மட்டக்குளியில் இன்னொரு மில். வரம்பை 50இல் வைத்து பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு கிழமையில் வேறொரு மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டு, மோட்டர்ப் பக்கம் பெரிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டு விசிறியின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். விசிறியின் வெல்டிங்கை ஒருக்கால் பாருங்கள் என்று போனில் சொன்னேன்.

"அம்பியர் 15க்குள்ளதானே நிக்குது, தம்பி" என்றார் முதலாளி.