தொடர்பியல் தாளுக்குப் படிக்கும் முறை: சொல், குரல், உடல்

மனிதர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையை ஆராயும் தொடர்பியல் தேர்வுத் தாளை எளிதானது என்று எண்ணிக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைப்பவர்கள் பலர். நாள் முழுவதும் பேசுகிறோம், கேட்கிறோம், இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே அதற்குக் காரணம். விடைத்தாளில் மதிப்பெண் குறைவதும் இதனால்தான். தெரிந்ததைத் தெரிந்த சொற்களிலேயே எழுதிவிட்டு, அதன் உறுப்புகளைப் பிரித்துக் காட்டாமல் விட்டுவிடுகிறோம். இந்தத் தாளை எழுதியபோது எனக்குப் பெரிதும் பயன்பட்டது ஒரு வழி: சிறிய உரையாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பாடத்தில் வரும் ஒவ்வொரு கருத்தையும் அதன்மேல் பொருத்திப் பார்ப்பது.

நான் எடுத்துக்கொண்ட உரையாடல் இது. "அறிக்கை இன்றைக்குள் முடிந்துவிடுமா?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சற்றுத் தாமதித்து, "பார்க்கலாம்" என்கிறார். அனுப்புநர், குறியாக்கம் (எண்ணத்தைச் சொல்லாகவோ அசைவாகவோ மாற்றுவது), செய்தி, தடம் (செய்தி செல்லும் வழி), குறிநீக்கம் (பெற்றதிலிருந்து பொருள் எடுப்பது), பெறுநர், பின்னூட்டம் (பெறுநர் திருப்பித் தரும் எதிர்வினை), இரைச்சல் (புரிதலைக் கெடுக்கும் தடை) ஆகிய எல்லாமே இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கின்றன. இரைச்சல் என்றதும் வாகன ஒலியை மட்டும் எழுதாதீர்கள். கேட்பவரின் களைப்பு, முன்பே இருக்கும் மனக்கசப்பு, ஒரே சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொள்வது ஆகியவையும் இரைச்சல்தான்.

தொடர்பு எப்படி நடக்கிறது என்று அறிஞர்கள் வகுத்துக் காட்டிய மாதிரிகளைப் படிக்கும்போது, எந்த மாதிரி எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று பாருங்கள். 1948இல் கணிதவியலாளரும் பொறியாளருமான கிளாட் ஷானன் வெளியிட்டது, ஓரிடத்தில் தேர்ந்தெடுத்த செய்தியை இன்னோர் இடத்தில் பிழையின்றி மீட்டெடுப்பது எப்படி என்ற பொறியியல் கேள்விக்கான விடை; செய்தியின் பொருள் அவருடைய கவலையாக இருக்கவில்லை. அவரது அடிப்படை வரைபடத்தில் பின்னூட்டமும் கிடையாது. அதைச் சேர்த்து வரைந்து ஷானன் மாதிரி என்று எழுதுவது தவறு. அதே ஆண்டில் அரசியல் அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல், யார், என்ன, எந்தத் தடத்தில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று கேட்டார். 1954இல் வில்பர் ஷ்ராம், இருவரின் அனுபவக் களங்கள், அதாவது அவரவர் வாழ்ந்தும் கற்றும் பெற்றவை, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில்தான் புரிதல் நிகழும் என்று காட்டினார். 1970இல் டீன் பார்ன்லண்ட், இருவரும் ஒரே நேரத்தில் அனுப்புநராகவும் பெறுநராகவும் இருக்கிறார்கள் என்றார். 'பார்க்கலாம்' என்ற விடைக்கு முன்பே, திரையிலிருந்து விலகாத அந்தக் கண்கள் ஒரு செய்தியை அனுப்பிவிட்டதைப் பார்ன்லண்டைக் கொண்டுதான் நன்றாக விளக்க முடியும்.

பாடத்தின் மையம் என்று நான் கருதுவது அடுத்த பகுதி. சொல்சார் தொடர்பு என்றால் வாயால் பேசுவது, சொல்சாராத் தொடர்பு என்றால் உடல் அசைவு என்று பலர் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவு நிற்காது. இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: மொழி பயன்படுகிறதா என்பது ஒன்று, குரல் பயன்படுகிறதா என்பது மற்றொன்று. பேச்சில் இரண்டும் உண்டு. கடிதத்தில் மொழி உண்டு, குரல் இல்லை. பெருமூச்சில் குரல் உண்டு, மொழி இல்லை. முகபாவத்தில் இரண்டும் இல்லை. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகை மொழி கைகளால் நிகழ்ந்தாலும், தனக்கென இலக்கண அமைப்புக் கொண்ட முழுமையான மொழி. அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து வில்லியம் ஸ்டோக்கோ 1960இலேயே இதை எடுத்துக்காட்டினார். ஆகவே அதைச் சொல்சாராத் தொடர்பின் கீழ் எழுதக் கூடாது. நம் உரையாடலில் 'பார்க்கலாம்' என்பது மொழி. அதற்கு முன் வந்த தாமதமும் அதைச் சொன்ன தொனியும் குரல் சார்ந்தவை. விலகாத பார்வை உடல் சார்ந்தது. இந்த மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றனவா, மறுக்கின்றனவா என்பதையே விடையில் ஆராய வேண்டும்.

உடல் அசைவுகளுக்கு உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசெனும் 1969இல் தந்த ஐந்து வகைகள் போதும். உதட்டில் விரல் வைத்து அமைதி காக்கச் சொல்வதுபோலச் சொல்லுக்குப் பதிலாக நிற்பவை, பேச்சோடு சேர்ந்து அதை விளக்கும் கையசைவுகள், பேசும் முறையை ஒழுங்குபடுத்தும் தலையசைப்பு போன்றவை, உணர்ச்சியைக் காட்டும் முகபாவங்கள், பதற்றத்தில் முடியைக் கோதுவது போன்ற பழக்க அசைவுகள் என்று அவற்றை நினைவில் வைக்கலாம். முதல் இரண்டில்தான் குழப்பம் வரும். பேச்சை நீக்கிய பிறகும் அசைவுக்குத் தெளிவான பொருள் நின்றால் அது முதல் வகை.

மனிதர்கள் பேசும்போது இடையே விடும் இடைவெளியை மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் பகுத்த தூரங்களையும் கேட்பார்கள்: நெருக்கத்துக்குச் சுமார் 45 செ.மீ. வரை, தனிப்பட்ட பழக்கத்துக்கு 1.2 மீட்டர் வரை, சமூகப் பழக்கத்துக்கு 3.6 மீட்டர் வரை, அதற்கு மேல் பொதுவெளி. இவை அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோர நடுத்தர வகுப்பினரைக் கவனித்துப் பெற்றவை. எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவான அளவுகள் என்று ஹால் சொல்லவில்லை.

பொருளில் 7 விழுக்காடு சொல்லிலும், 38 குரலிலும், 55 முகத்திலும் இருக்கிறது என்ற வரியைப் பொது விதியாக எழுதுவதை அடியோடு நிறுத்துங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியான இரண்டு ஆய்வுகளை இணைத்துத் தந்த எண்கள் இவை. தனிச்சொற்களைச் சொல்லவைத்து, பேசுபவரின் விருப்பு வெறுப்பை மற்றவர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்பதையே அந்த ஆய்வுகள் அளந்தன. ஒரு பாடத்தையோ மருந்து உண்ணும் முறையையோ 93 விழுக்காடு சொல்லில்லாமல் விளக்கிவிட முடியுமா என்று நினைத்துப் பார்த்தாலே, இந்த எண்களின் எல்லை விளங்கிவிடும். அந்த எல்லையையும் சேர்த்து எழுதும் விடை தனித்துத் தெரியும்.

பயிற்சிக்கு, பதிவான நேர்காணல் ஒன்றை முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள். கண்டதை ஒரு பக்கமும் ஊகித்ததை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். 'கையைக் கட்டிக்கொண்டார்' என்பது கண்டது. 'உடன்பட மறுக்கிறார்' என்பது ஊகம், ஏனெனில் அவருக்குக் குளிராகவும் இருந்திருக்கலாம். பிறகு ஒலியோடு பார்த்து, எந்த ஊகம் நின்றது என்று குறியுங்கள். சூழல் தந்து விளக்கச் சொல்லும் வினாக்களுக்கு இதைவிட நல்ல தயாரிப்பை நான் கண்டதில்லை.

அத்தகைய வினாக்களில் மௌனம் அடிக்கடி வரும். தொடர்பு கொள்ளாமல் இருப்பது இயலாது என்று உளவியலாளர் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய இணை ஆசிரியர்களும் 1967இல் எழுதியதை அங்கே பயன்படுத்தலாம். ஆனால் மௌனத்தை ஒப்புதல் என்றோ மறுப்பு என்றோ தீர்ப்பளித்துவிடாமல், இரண்டு வாசிப்புகளையும் அவற்றுக்கான அடையாளங்களோடு எழுதி, எது சரி என்று அறியக் கேட்டவர் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். பின்னூட்டத்தின் வேலையை அந்த இடத்திலேயே விளக்கிவிடலாம்.