டைக்குள்ள கை எதுக்குப் போகுது?

இரும்புத் தகட்ட அழுத்தி வெட்டி வளைக்கிற பிரஸ் ஷாப்ல மெயின்டனன்ஸ் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், மொதல்ல அம்பத்தூர் எஸ்டேட், அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். எங்க போனாலும் செவுத்துல "கவனமாக வேலை செய்வீர்"னு ஒரு போர்டு இருக்கும். ஆனா எனக்குத் தெரிஞ்சு விரல் போன ஆளுங்கள்ல விளையாட்டுத்தனமா வேலை பாத்தவங்க ரொம்ப கம்மி, பாதிப்பேரு நல்ல ஆபரேட்டருங்க, டார்கெட்ட முடிச்சுக் குடுக்கற ஆளுங்க. ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்குல ஸ்ட்ரோக் அடிக்கிற மெஷின்ல, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் டைக்குள்ள, அதாவது தகட்டுக்கு வடிவம் குடுக்கற அச்சுக்குள்ள, கைய விட்டு பீஸ வெச்சு, திரும்ப கைய விட்டு எடுக்கணும்னு வேலைய அமைச்சிட்டு, அத்தன தடவையும் அவன் ஒரு தடவ கூட பிசகக்கூடாதுன்னு எதிர்பாக்கறோம் பாருங்க, அங்கதான் எனக்கு கோவமே வருது.

சின்ன பட்டறைங்கள்ல இன்னும் ஓடுறது பெரும்பாலும் பழைய பின் கிளட்ச் பவர் பிரஸ். பெடல மிதிச்சா பின் ஃபிளைவீலோட (சுத்திட்டே இருக்கற கனமான சக்கரம்) மாட்டிக்கும், ராம் (மேல இருந்து வந்து அடிக்கிற பாகம்) கீழ எறங்கி மேல வந்தாத்தான் நிக்கும், நடுவுல யாராலயும் நிறுத்த முடியாது. ஸ்பிரிங் வீக்காயிட்டாலோ பின் தேஞ்சு போனாலோ பெடல விட்டப்புறமும் ராம் இன்னொரு தடவ தானா எறங்கும், இதத்தான் டபுள் ஸ்ட்ரோக்னு சொல்லுவோம். ஆபரேட்டர் கால எடுத்துட்டு பீஸ எடுக்க கைய விட்ட அந்த நேரத்துல அது எறங்குனா அவன் என்னதான் கவனமா இருந்து என்ன பண்றது? இந்த மாதிரி மெஷின்ல கொண்டு போய் லைட் கர்ட்டன் (கை குறுக்க வர்றத ஒளியால கண்டுபிடிக்கற சென்சார்) மாட்டி வெச்சிருக்கறத ஒரு எடத்துல பாத்தேன், ஆடிட்டுக்கு காட்டறதுக்காக. கை குறுக்க வந்தா சென்சார் சிக்னல் குடுக்கும் சரி, ஆனா நடுவுல நிக்கவே தெரியாத மெஷினுக்கு சிக்னல் குடுத்து என்ன ஆகப் போகுது. காத்து அழுத்தத்துல வேலை செஞ்சு நடுவுலயே நிறுத்தற நியூமேடிக் கிளட்ச், பிரேக் இருக்கற மெஷினுக்குத்தான் அது சரி. பின் கிளட்ச்சுன்னா டைய சுத்தி கூண்டு மாதிரி கேஜ் போட்டு, ஷீட் போற அளவுக்கு மட்டும் சந்து விடணும், விரல் நுழையாத சந்து.

டூ ஹேண்ட் பட்டன் கதையும் இதேதான். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் ராம் எறங்கணும்னு வெச்சது, ஆனா ஒரு பட்டன்ல மரக்குச்சிய செருகி டேப் சுத்தி ஒத்தக் கையில ஓட்டுவாங்க. சூப்பர்வைசருக்கும் தெரியும், பீஸ் எண்ணிக்கை வர்ற வரைக்கும் கண்டுக்க மாட்டாரு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பட்டனையும் விட்டுட்டு, ஏறக்குறைய ஒரே நேரத்துல திரும்ப அமுக்குனாத்தான் ஓடும்ங்கற மாதிரி கன்ட்ரோல் ரிலே கெடைக்குது, அத போட்டா குச்சி வேலை அதோட முடிஞ்சுது.

ஒரு கம்பெனியில பிராக்கெட் அடிக்கிற டை ஒண்ணு இருந்துச்சு. ஷீட்ல தடவுற ஆயில்னால பீஸ் அடி டையோட அப்படியே ஒட்டிக்கும், டாங்ஸ் (இடுக்கி) குடுத்திருந்தோம் ஆனா அது வழுக்கும், பசங்க அத ஓரமா வெச்சிட்டு நகத்தால நெம்பி எடுப்பாங்க. நைட் ஷிப்டுல காலைல நாலு மணி வாக்குல கான்ட்ராக்ட் பையன் ஒருத்தனுக்கு ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போச்சு. என்கொயரியில "டாங்ஸ் பயன்படுத்தவில்லை"ன்னு எழுதி ஃபைல மூடிட்டாங்க. எங்க டூல் ரூம்ல இருந்த அண்ணன் ஒருத்தர் அதுக்கப்புறம் அந்த டைய பிரிச்சு, அடியில ரெண்டு சின்ன ஸ்பிரிங் பின்ன வெச்சு, பக்கத்துல காத்து ஊதற ஏர் புளோ ஒண்ணும் குடுத்தாரு, ராம் மேல போனதும் பீஸ் தானா தூக்கிட்டு பின்னாடி சரிஞ்சு விழுந்துடுச்சு, கைய விட வேண்டிய அவசியமே இல்லாம போச்சு, பீஸ் எண்ணிக்கையும் கூடுச்சு. ஒரு நாள் வேலை அது. இத முன்னாடியே செஞ்சிருந்தா அந்த தம்பி விரல் இருந்திருக்கும், இத நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறல. (டாங்ஸ் குடுக்கறதா இருந்தா அலுமினியத்துல குடுங்க, மாட்டிக்கிட்டாலும் டை பெருசா அடிவாங்காது, டை போயிடுமோன்னு பயந்து யாரும் கைய விட மாட்டான்.)

கிளவுஸ் போட்டா கை சேஃப்னு நெனைக்கறாங்க. ஷீட் தூக்கும்போது கட்டாயம் வேணும், ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஆனா டிரில்லிங் மெஷின், லேத்துன்னு சுத்தற மெஷின் எதுலயும் போடவே கூடாது, நூல் மாட்டுனா கையவே சுத்தி இழுத்துடும். மோதிரமும் அப்படித்தான், மாட்டி இழுத்தா தோல் மொத்தமா உரிஞ்சு வந்துடும். மெஷின் ஆஃப் பண்ணாலும் ஃபிளைவீல் கொஞ்ச நேரம் சுத்திட்டுத்தான் இருக்கும், அது முழுசா நின்னப்புறம் மெயின் சுவிட்ச்ல பூட்டு போட்டு, ராமுக்கு அடியில சேஃப்டி பிளாக் (அது எறங்காம முட்டுக் குடுக்கற கட்டை) வெச்சுட்டு கைய விடுங்க.

விரல் துண்டாயிட்டா நிறைய பேரு அத நேரா ஐஸ்ல போட்டு எடுத்துட்டு ஓடறாங்க, அதுல திசு செத்துடும். சுத்தமான துணிய சலைன்ல நனைச்சு பிழிஞ்சு அதுல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்த கவர ஐஸ் தண்ணிக்குள்ள வெக்கணும். கையில ரத்தம் வர்ற எடத்த துணி வெச்சு அழுத்திப் பிடிச்சு கைய தூக்கி வெச்சுக்கணும். சென்னைன்னா ஸ்டான்லி, கோயமுத்தூர்னா கங்கா, ரெண்டுலயும் கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, நேரா அங்க போங்க. நசுங்காம வெட்டுன விரலா இருந்தா, குளிர்ல வெச்சிருந்தா பல மணி நேரம் தாங்கும், மணிக்கட்டுக்கு மேலன்னா ஆறு மணி நேரம் தாண்டுனா கஷ்டம்.

2025 நவம்பர் வரைக்கும் நடைமுறையில இருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணையில, சம்பாதிக்கற திறன்ல இழப்பு எவ்வளவுன்னா, கட்டை விரல் முழுசா போனா 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடு விரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7ன்னு போட்டிருந்துச்சு, அந்த தம்பிக்கு ரெண்டு கணுவுக்கு 11. இழப்பீடும் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவு ஒழுங்கா இருந்தாத்தான் அலையாம கைக்கு வரும். அடிபட்ட அன்னிக்குத்தான் அவசர அவசரமா பேர சேக்கற கான்ட்ராக்டருங்க இருக்காங்க. வேலையில சேந்த முதல் நாள் அடிபட்டாலும் ஈஎஸ்ஐயில உரிமை உண்டு, அதனால சேந்த அன்னிக்கே பத்து டிஜிட் இன்சூரன்ஸ் நம்பர கேட்டு வாங்கி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, வீட்ல ஒருத்தருக்கும் அனுப்பிடுங்க.