வாவிக்கரைக்கு ஒரு விஞ்ஞானத் திருவிழா

ஓகஸ்ட் மாதம் வந்தால் மெல்பேர்னில் இருக்கும் என் அண்ணன் மகளைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம். அவுஸ்திரேலியா முழுவதும் 1997 முதல் நடக்கும் தேசிய விஞ்ஞான வாரம் அது. தன் ஊர் நூலகத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் குளத்துத் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "மாமி, இங்கே பாட்டிமார்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள்" என்று ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நம் மட்டக்களப்பில் விஞ்ஞானம் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுகிறது. திருவிழா நடத்தத் தெரியாத ஊரா இது? ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் கூடுகிற சனத்தைப் பாருங்கள்.

கடந்த ஏப்ரலில், வருடப்பிறப்புக்குச் சில நாட்கள் முன்பு, கல்லடிக் கடற்கரைப் பக்கம் அயல் பிள்ளைகளைக் கூட்டினேன். சூரியன் அந்த நாட்களில் இலங்கையின் தலைக்கு நேர் மேலாக வடக்கு நோக்கிப் போகும். 5ஆம் திகதியளவில் தேவேந்திரமுனை, 9 அல்லது 10இல் மட்டக்களப்பு, 15ஐ ஒட்டி யாழ்ப்பாணம். ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சீமெந்துத் தரையில் நிறுத்தினோம். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் வந்து பார்த்தார். "பிள்ளைகள், இது சரிந்து நிற்கிறது" என்று சொல்லித் தன் தூக்குக்குண்டைப் பிடித்து, அடியில் மணலை ஒதுக்கி நிமிர்த்தினார். பன்னிரண்டு மணி கழிந்து சில நிமிடங்களில் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடிவிளிம்போடு ஒட்டிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் முழு வட்டமாக வெயில். பிள்ளைகள் கத்திய கத்தலில் ஐஸ்பழக்காரரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். தன் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கும் நிழல் இல்லையே!" என்றார். கொழும்பில் இது என்றைக்கு, ஏன் அங்கே வேறு நாள் என்று கேட்டவரும் அவர்தான்.

இதுதான் நான் சொல்ல வருவது. விஞ்ஞானத்தைத் தெருவில் வைத்தால், கேட்கத் தெரிந்தவர்களும் செய்யத் தெரிந்தவர்களும் தாமாகவே வந்து சேர்கிறார்கள்.

நம் வாவிக்குள்ளிருந்து இரவில் பாட்டுப்போல ஒலி எழுப்புவதாகச் சொல்லும் பாடும் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் சின்னமாக வைத்திருக்கிறோம். காது கொடுத்துக் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? 1848இல், அன்றைய பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் நிலா வெளிச்சத்தில் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீன் அல்ல, ஊரி என்னும் சிறு சங்குப் பிராணி என்று அப்போதே மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். தண்ணீருக்குள் பிறக்கும் ஒலியில் பெரும்பகுதி மேற்பரப்பில் பட்டுத் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். துடுப்பை வாவிக்குள் ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைத்தால், மரத்தின் வழியே ஒலி ஏறி வரும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடுகிறது, காற்றில் 340தான். இதைவிட நல்ல பௌதிகவியல் பாடம் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது?

உலக விஞ்ஞான தினம் நவம்பர் 10இல் வருகிறது. இங்கே அது மாரி காலம், வெளியில் எதுவும் வைக்க முடியாது. எங்கள் ஊரில் இப்படியொரு விஞ்ஞானத் திருவிழா நடத்த உகந்தது செப்டெம்பர் முதல் வாரம். சூரியன் தெற்கே திரும்பும்போது 2ஆம் திகதியளவில் மறுபடியும் மட்டக்களப்பின் தலைக்கு மேல் வரும். பகலில் குழாய், இரவில் தோணி. வந்தாறுமூலையிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் நுண்ணோக்கிகளோடு வரட்டும். ஆனால் மேசைக்குப் பின்னால் மீனவர்களும் மேசன்மாரும் நிற்கவேண்டும், பார்வையாளராக மட்டும் அல்ல.

மேசனிடம் பேசிவிட்டேன், தூக்குக்குண்டோடு வருவார். தோணி உள்ள ஒருவர் வேண்டும். கல்லடிப் பக்கம் என்றால் நல்லது.