இறப்பர் சீல் (கசிவுத் தடுப்பு) துண்டைப் பெற்றோலில் ஊறவைக்கும் செயன்முறை: பரீட்சைக்குப் போகுமுன்

இறப்பர் எவ்வளவு வீங்குகிறது என்று பார்க்கும் இந்தச் சோதனையில், பெற்றோலில் ஊறிய துண்டை வெளியே எடுத்ததும் வரும் அரை நிமிடத்தில்தான் புள்ளி பறிபோகிறது. பெற்றோல் ஆவியாக ஆவியாகத் தராசின் எண்ணும் இறங்கிக்கொண்டே போகும். அதனால் மூடியுள்ள சிறு போத்தலொன்றை முதலிலேயே நிறுத்துக் குறித்துப் பக்கத்தில் வையுங்கள். துண்டை எடுத்து, வடிதாளில் ஒற்றி, போத்தலில் போட்டு மூடுவது 30 செக்கனுக்குள் முடியவேண்டும்.

திணிவை மட்டும் எழுதிவிட்டு எழும்பாதீர்கள். காற்றில் 2.400 கிராம், நீரில் 0.400 கிராம் காட்டும் துண்டின் கனவளவு 2.000 கன சென்ரிமீற்றர் (நீரில் குறையும் ஒவ்வொரு கிராமும் ஒரு கன சென்ரிமீற்றர்). ஊறிய பின் 2.700, 0.300 என்று வந்தால் கனவளவு 2.400. திணிவு கூடியது 12.5 சதவீதம்தான், கனவளவோ 20 சதவீதம். சீல் பள்ளத்தை விட்டுப் பிதுங்குவது கனவளவால். நீரில் நிறுக்கும்போது துண்டில் ஒட்டும் காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும், தட்டி விடுங்கள்.

திரவம், துண்டுகளின் மொத்தக் கனவளவைப்போல் 15 மடங்காவது வேண்டும். இதே அளவில் மூன்று துண்டென்றால் 90 மில்லிலீற்றர். ஒன்றோடொன்று முட்டாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். ஒருமுறை பாவித்த பெற்றோல் மறுமுறைக்கு ஆகாது.

உயர்ந்த மலையிலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். என்ஜின் ஒயிலில் 100 பாகைச் சோதனை கேட்டால் நீர்த்தொட்டி உதவாது, வெப்ப அடுப்புத்தான். பெற்றோலை மூடிய போத்தலில் சூடாக்கவே கூடாது, வெடிக்கும். ஷோர் ஏ கடினத்தன்மையை (இறப்பரின் கடினத்தைக் காட்டும் அளவீடு) ஊறவைக்க முன்னும் பின்னும் 23 பாகையில் அளவிடுங்கள். மலைக்குளிரில் இறப்பர் விறைத்துக் கூடுதலாகக் காட்டும்.

வாய்மொழிப் பரீட்சையில் பிரேக் கப் (பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ண வடிவ இறப்பர் சீல்) பற்றிக் கேட்பார்கள். அது பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பர்; டொட் 3, டொட் 4 பிரேக் ஒயிலுக்குத் தாங்கும், பெற்றோல், என்ஜின் ஒயில் பட்டால் வீங்கும். நைட்ரைல் என்ற இன்னொரு செயற்கை இறப்பர் எரிபொருளுக்குரியது, பிரேக்குக்கு அல்ல. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பகுதி) பெற்றோலில் கழுவினால் கப் வீங்கி, ஒயில் திரும்பும் துளையை அடைக்கும். பிரேக் விடாமல் பிடித்து, றம்பொடை மலைப்பாதை இறக்கத்தில் ஒயில் கொதித்து, பெடல் தரைவரை போகும். இந்தக் காரணச் சங்கிலியைச் சொல்லாமல் "பழுதாகும்" என்பது அரை விடைதான்.

கடைசியாக, ஊறிய துண்டை நன்றாகக் காயவைத்து மீண்டும் நிறுங்கள். தொடக்கத் திணிவைவிடக் குறைந்திருந்தால், இறப்பரை இளக வைத்த பொருள் பெற்றோலில் கரைந்துவிட்டது. அப்படிப்பட்ட இறப்பரில் செய்த பெற்றோல் ஹோஸ் (குழாய்) நனைந்திருக்கும்வரை ஒழுகாது. வாகனம் நெடுநாள் நின்று உலர்ந்ததும் சுருங்கி ஒழுகும். வீக்கச் சதவீதத்தோடு இந்தத் திணிவுக் குறைவையும் எழுதுங்கள்.