டி.சி. இல்லாமல் ஏழாம் வகுப்பு

போன ஆடியில் என் தங்கை திருப்பூரிலிருந்து இரண்டு பைகளோடும் பன்னிரண்டு வயது மகனோடும் ஆத்தங்குடியில் வந்து இறங்கினாள். காரணம் குடும்ப விஷயம், விடுங்கள். பையனிடம் டி.சி. இல்லை. அவன் படித்த தனியார் பள்ளியில் 18,500 ரூபாய் பாக்கி. கட்டினால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பூக்கல் போடுகிறவன். கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிச் செய்யும் பூப்போட்ட தரைக்கல் அது. பள்ளி கிடைக்கும்வரை சும்மா இருப்பானே என்று பட்டறைக்கு அழைத்துப்போனேன். கண்ணாடி துடைக்கும் வேலை. பார்க்க எளிது. ஆனால் கல்லின் பளபளப்பே அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. ஒரு தூசி தங்கினாலும் பூவில் புள்ளி விழும். மாலையில் அவன் விரல் நுனிகள் சிமெண்டில் வெந்து சுருங்கி வெளுத்திருந்தன. முதலாளி பார்த்துவிட்டார். "பதினான்கு வயதாகாத பிள்ளை. நாளை முதல் வேண்டாம் தம்பி, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை உள்ளே போடுவார்கள்" என்றார். கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை மறுக்கவில்லை, ஆனால் டி.சி. கேட்டார். அன்றிரவு 14417-க்குப் போன் செய்தேன். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் அது. எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5, எட்டாம் வகுப்புவரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. படிப்பு இடையில் நின்றிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், அது பிரிவு 4. காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் மனு எழுதுபவர் 'ஏழை எளியவனாகிய நான்' என்று அரைப் பக்கம் நிரப்பிவிட்டார். அதையெல்லாம் அடிக்கச் சொல்லி, பிரிவு எண்ணையும் பள்ளிப் பெயரையும் மட்டும் எழுத வைத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மனு எண் போட்ட ரசீதைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

புதன்கிழமையே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். உண்மையான இழுபறி அதற்குப் பிறகுதான். எமிஸ் என்ற கணினிப் பதிவில் பையன் இன்னும் திருப்பூர் பள்ளியின் மாணவன். அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் இங்கே அவன் பெயரை ஏற்ற முடியும். பத்தொன்பது நாள். தலைமையாசிரியை கூடுதலாக இருந்த புத்தகங்களைக் கொடுத்து, மதிய உணவிலும் சேர்த்துக்கொண்டார். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு முறை பேசிய பிறகே அங்கே விடுவித்தார்கள்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் திருப்பூருக்கு இரண்டு முறை பஸ் ஏறிக் கெஞ்சியிருக்க மாட்டேன்.

பாக்கி தள்ளுபடியாகிவிடவில்லை. தங்கை மாதம் ஆயிரம் அனுப்புகிறாள், இதுவரை ஏழு மாதம்.