ஐப்பசிக்கு முன் ஜீப்

ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஜீப்பைத் தயார் செய்துவிட்டேன். எங்கள் கடற்கரையில் வண்டிக்கு எமன் உப்புதான். நேற்று அடியில் படுத்து நல்ல தண்ணீரால் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, கழுவினேன். சைலன்சர் கிளாம்பைத் தொட்டதும் துரு செதில் செதிலாகக் கைக்கு வந்தது. உடனே மாற்றினேன். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெயைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறம்! போன மழையில் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஆறு மாதம் ஓட்டியதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றினேன், எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலும் புதிது.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வைக்கும் லீவரும் இறுகிக் கிடந்தது. மணலில் நான்கைந்து முறை போட்டு எடுத்ததும் இளகியது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

உச்சிப்புளிப் பக்கம் மணல் பாதையில் தங்கை வீடு. அவளுக்குக் கார்த்திகையில் பிரசவம். டயரில் காற்றைக் குறைத்துப் போய், தார் ஏறியதும் நிரப்பக் கைப்பம்பும் இழுவைக் கயிறும் வண்டியிலேயே இருக்கின்றன.